பனிமனிதன் தலையில் உன் தொப்பி

கோல்டேல், ஆல்பர்ட்டா
மார்ச், புதன்கிழமை காலை

மகன் கெரிட்டுக்கு, உன் தகப்பன் ஹார்மன் எழுதுவது.

நீ உன் மகளுக்கு ஒரு துரோகம் செய்திருக்கிறாய். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் நீ வடக்கே சுரங்க வேலைக்குக் கிளம்பிய அன்று, முன்முற்றத்தில் ஃபெம்கேயோடு சேர்ந்து பனிமனிதன் செய்தாய். உன் தொப்பியைக் கழற்றி அதன் தலையில் வைத்தாய். "இவன் உருகிப் போறதுக்குள்ள அப்பா வந்துடுவேன்டா செல்லம்" என்று நான்கு வயதுப் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்தாய். உன் பையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில்தான் நின்றேன். இந்த ஊரில் பிறந்தவன் பேசுகிற பேச்சா அது? மலையிலிருந்து வெதுவெதுப்பான சினூக் காற்று இறங்கினால் காலையில் முழங்கால் அளவு கிடந்த பனி மத்தியானம் சேறாகிவிடும். அது உனக்குத் தெரியாதா? தெரிந்தே சொன்னாயா? இதையே யோசித்து யோசித்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நான் சுகம். முழங்கால் முன்போலத்தான். உன் மனைவி ஜனெலும் குழந்தையும் சுகம் என்று எழுத வேண்டும். அப்படித்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

நீ போன மறுவாரமே காற்று வந்துவிட்டது. கூரையெல்லாம் சொட்டியது. பனிமனிதன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தலை விழுந்து, உன் தொப்பி தண்ணீரில் கிடந்தது. ஃபெம்கே ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழவில்லை. "ஓபா, அப்போ அப்பா இன்னைக்கு வராரா?" என்று இந்தத் தாத்தாவைக் கேட்டாள். நான் என்ன சொல்ல முடியும்? "சாப்பிடு" என்றேன்.

மறுநாள் அவள் எழுந்திருக்கும் முன்பு பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு ஐஸ் ஹாக்கி அரங்கத்துக்குப் போனேன். ஐஸ் வண்டி தரையைச் சுரண்டி எடுக்கும் பனித்தூளைப் பின்பக்கம் மலைபோலக் கொட்டி வைத்திருப்பார்கள், நீ சின்ன வயதில் ஏறிச் சறுக்கிய குவியல்தான். எந்தக் காற்றுக்கும் அது சீக்கிரம் கரையாது. நான்கு தொட்டி நிறைய அள்ளினேன். ஐஸ் வண்டி ஓட்டும் லோர்ன் வெளியே வந்து பார்த்துவிட்டு, "யோவ் ஹார்மன், ஊரே வீட்டுப் பனியை வெளிய தள்ளிக்கிட்டிருக்கு, நீ என்னய்யா வீட்டுக்கு அள்ளிக்கிட்டுப் போற?" என்று கேட்டான். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்க என்று சொன்னேன். "ரெண்டு முழங்காலுக்கா, ஊர்ல இருக்கிற எல்லா முழங்காலுக்குமா?" என்றான். வீட்டுக்கு வந்து பனிமனிதனைத் திரும்ப எழுப்பி, தொப்பியைப் பிழிந்து தலையில் வைத்தேன். அதிலிருந்து இந்த மாதம் வரை காற்று வந்து போன ஒவ்வொரு தடவையும் இதே வேலைதான். பிள்ளையிடம் சொல்லவில்லை, ஜனெலிடமும் சொல்லவில்லை. யாரிடமும் கேட்டுக்கொண்டு செய்கிற ஆள் நான் இல்லை.

இனி பாடத்துக்கு வருகிறேன். ஃபெம்கேக்கு வீட்டிலேயே பாடம் என்பது நீயும் ஜனெலும் எடுத்த முடிவு, என்னை யாரும் கேட்கவில்லை. ஜனவரியிலிருந்து எல்லாப் பாடமும் பனிமனிதன்தான். சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடம் கிடையாது. காகிதத் தட்டில் பஞ்சு ஒட்டிய பனிமனிதன். என் காலுறையில் அரிசி நிரப்பிக் கழுத்தைக் கட்டிய பனிமனிதன். ஷேவிங் நுரையில் பசை கலந்து பூசிய பனிமனிதன், அந்த நுரையும் என்னுடையது. மார்ஷ்மெல்லோ மிட்டாயைக் குச்சியில் கோத்துச் செய்கிற பனிமனிதன் மட்டும் இதுவரை ஒன்றுகூட முடிந்ததில்லை, தலை வைப்பதற்குள் உடம்பைத் தின்றுவிடுகிறாள். வயிற்றில் எண் எழுதிய பனிமனிதர்களும் உண்டு. எந்த எண்ணோ அத்தனை பொத்தான் எண்ணி வைக்க வேண்டும். ஏழு வரைக்கும் சரியாக வைக்கிறாள், அதற்குமேல் "போதும்மா, சட்டையை மூடியாச்சு" என்கிறாள். சர்க்கரை பீட்ரூட் வயலில் களை எடுத்துக்கொண்டே, டிராக்டரோடு வந்த புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். எனக்கு யாரும் பஞ்சு ஒட்டிச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் பிள்ளை சிரித்துக்கொண்டு படிக்கிறாள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த அட்டைகள் வந்தன. நான்கு அட்டை. ஒன்றில் முழுப் பனிமனிதன், ஒன்றில் சாய்ந்தவன், ஒன்றில் பாதி கரைந்தவன், கடைசியில் வெறும் தண்ணீர், அதில் ஒரு தொப்பியும் கேரட்டும். எது முதலில், எது பிறகு என்று வரிசையாக வைக்க வேண்டும். ஃபெம்கே கொஞ்சமும் யோசிக்காமல் தண்ணீரை முதலில் வைத்தாள். அடுத்து பாதி, அடுத்து சாய்ந்தவன், கடைசியில் முழு ஆள். ஜனெல் கலைத்துக் கலைத்துக் கொடுத்தாள், மறுநாளும் கொடுத்தாள். அதே வரிசைதான். "நல்லா பாரும்மா, முதல்ல எது?" என்று கேட்டால், "தண்ணி. அப்புறம் நாம தூங்குறோம். அப்புறம் அவன் வளந்துடுறான்" என்று அம்மாவுக்கே பாடம் சொல்கிறாள். நான் அடுப்பங்கரையில் நின்று கேட்டேன். பிள்ளை தன் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறாள், இதில் என்ன தப்பு? அட்டை அச்சடித்தவன் நம் முற்றத்தைப் பார்த்தானா?

போன வியாழக்கிழமை, பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிப்பிக்கும் தாய்மார்கள் நம் வீட்டில் கூடினார்கள். சார்லீன் என்பவளின் பையன் மேசன் நான்கு அட்டையையும் கண் மூடித் திறப்பதற்குள் வைத்துவிட்டான். "எங்க மேசன் இதெல்லாம் மூணு வயசுலயே முடிச்சுட்டான்" என்று அவன் அம்மா யாரும் கேட்காமலே சொன்னாள். ஃபெம்கே அவன் வரிசையைக் கலைத்துத் தன்னுடைய வரிசையில் வைத்தாள். "லூசு, உருகுனா உருகுனதுதான்" என்றான் அவன். "இல்ல, எங்கப்பா வர்ற வரைக்கும் அவன் இருப்பான்" என்றாள் இவள். "அப்போ உங்கப்பா வரவே மாட்டாரு" என்றான் மேசன். ஃபெம்கே அவன் கையைக் கடித்துவிட்டாள். ரத்தம் வரவில்லை, ஆனால் அந்தப் பையன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நான் அவளைத் திட்டவில்லை. திட்டச் சொன்னார்கள், முடியாது என்று சொல்லிவிட்டேன்.

போகும்போது சார்லீன் ஜனெலின் தோளில் கை வைத்து, "தப்பா எடுத்துக்காதே, பிள்ளையை யார்கிட்டயாவது காட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர்கள் போனதும் ஜனெல் பஞ்சும் பொத்தானும் கிடந்த மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். "எனக்குச் சொல்லிக்குடுக்க வரல ஓபா. பிள்ளையை நானே கெடுத்துட்டேன். டவுன்ல ஸ்கூல்ல சேர்த்துட்டு நான் வேலைக்குப் போறேன்" என்று அழுதாள். தாத்தாவை ஓபா என்று கூப்பிடும் நம் வழக்கம் அவளுக்கும் வந்துவிட்டது. முற்றத்தில் பார்த்ததைச் சொன்ன பிள்ளைக்கு எதற்கு ஸ்கூல் என்று சொல்ல வந்தேன். சொன்னால் தொட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும் என்று, மேசையில் கிடந்த பஞ்சைப் பொறுக்கி டப்பாவில் போட்டேன்.

இதற்கு நடுவே எனக்கு இன்னொரு குழப்பம். அதை எழுதவே யோசித்தேன், இருந்தாலும் எழுதுகிறேன். சில நாள் காலையில் நான் தொட்டிகளோடு திரும்பி வந்தால், கரைந்து கிடந்தவன் ஏற்கெனவே நிமிர்ந்து நிற்கிறான். நானே செய்துவிட்டு மறந்துபோனேனா? ஒரு நாள் அவன் வயிற்றில் நான் வைத்த கருங்கல்லுக்குக் கீழே ஊதா நிறப் பொத்தான் ஒன்று இருந்தது, பாட டப்பாவில் இருக்கிற பொத்தான். ஃபெம்கேயைக் கேட்டேன். "அவனே போட்டுக்கிட்டான் ஓபா" என்றாள். எனக்கு மூளை கலங்குகிறது என்றே நினைத்தேன், டாக்டரிடம்கூடப் போக இருந்தேன். கொண்டுவந்த பனியை வீணாக்க மனமில்லாமல் அவன்மேலேயே அப்பிவிடுவேன். அதனால் நீ செய்ததைவிட இப்போது அவன் இரண்டு மடங்கு பருமன். "அப்பா லேட்டாக லேட்டாக இவன் குண்டாயிட்டே போறான்" என்கிறாள் உன் மகள்.

இந்தத் திங்கட்கிழமை அரங்கத்தில் ஏதோ போட்டி, பின்கேட்டைப் பூட்டியிருந்தார்கள். வெறும் தொட்டிகளோடு சீக்கிரமே திரும்பிவிட்டேன். முற்றத்தில் ஜனெல் மண்டியிட்டிருந்தாள். உன் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, சாலட் கிண்ணத்தில் கராஜின் நிழல்பக்கத்துப் பனியை வழித்து வந்து பனிமனிதன் இடுப்பில் அப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கிண்ணத்தைப் பின்னால் மறைத்தாள்.

"நீயா?" என்றேன். வண்டியிலிருந்த தொட்டிகளைப் பார்த்து, "நீங்களா?" என்றாள். பிறகு, "ராத்திரி குளிருல தானா இறுகிக்குதுன்னுல்ல நினைச்சேன்" என்று சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே வேறாகிவிட்டது.

"அப்படியானால் பிள்ளை ஏன் தண்ணீரை முதலில் வைக்கிறாள் என்று உனக்கு முன்பே தெரியும், பிறகு எதற்கு அந்த அட்டையை மறுபடி மறுபடி கொடுத்தாய்?" என்று அவளைக் கேட்டேன். "உருகுனது திரும்பி வராதுன்னு அவளா தெரிஞ்சுக்கட்டும்னுதான் ஓபா. என் வாயால சொல்ல முடியல" என்றாள். ஒரு பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதை அட்டையைவிட்டுச் சொல்லச் சொல்வது கோழைத்தனம் என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். "நீங்க மட்டும் என்ன சொன்னீங்க? சாப்பிடுன்னு சொன்னீங்க" என்றாள்.

அவளுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். லோர்னின் மகன் ப்ரோடி உன்னோடு அதே முகாமில் இருந்தான். வேலை முடிந்து எல்லாரும் ஜனவரியிலேயே ஊர் திரும்பிவிட்டார்கள் என்கிறான். நீயோ வேலை நீண்டுகொண்டே போகிறது என்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டிப் பேசும்போது ஃபெம்கே, "அப்பா, உங்க ஜன்னல்ல இலை இருக்கு" என்றாள். நீ போனைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். வடக்கே இந்த மாதத்தில் ஏது இலை? ப்ரோடியைப் பிடித்து உட்கார வைத்து இந்த விலாசத்தை வாங்கினேன். கடற்கரைப் பக்கத்து ஊர். "மேல அவங்க பேரையும் எழுதுங்க மாமா, அப்போதான் சேரும்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். எழுதியிருக்கிறேன். அது ஒரு பெண்ணின் பெயர், வீடு வாடகைக்குக் கொடுத்தவர் என்று வைத்துக்கொள்கிறேன். நீ வேறு விதமாகச் சொல்லும்வரை அப்படியே வைத்துக்கொள்வேன்.

இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன்.

மாதக் கடைசியில் அரங்கத்தில் ஐஸை எடுத்துவிடுவார்கள். கடைசிக் குவியலைச் சுவரோர நிழலில் தார்ப்பாய் போட்டு மூடி வைப்பது லோர்னின் பொறுப்பு. "அதுவும் தீந்துச்சுன்னா நேரா கடவுளைத்தான் கேக்கணும், நான் ரிட்டையர் ஆகப்போறேன்" என்றான், ஆனால் ஒத்துக்கொண்டான்.

ஜனெல் அந்த அட்டைகளை இனி எடுக்கக் கூடாது. நீ வந்து போகும்வரை ஸ்கூல் பேச்சும் கூடாது. முதலாவதுக்குச் சரி என்றாள். இரண்டாவதைக் கேட்டதும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் பனி அள்ளுவேன். அள்ளியது தப்பு என்று யார் சொன்னாலும் அள்ளுவேன். தண்ணீர் அட்டையை எடுத்து இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். அது இல்லாமல் எந்த வரிசையும் முடியாது. வரும்போது கொண்டு வா.

ஃபெம்கே செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை.

மீதியெல்லாம் உன்னுடையது. மாதம் முடிவதற்குள் நீ வர வேண்டும். போனில் இல்லை, நேரில். வீடு கொடுத்தவர் வண்டியில் கூட வந்தாலும் சரி, காபி போடுவோம். பனிமனிதன் முன்னால் நின்று, இருக்கப் போகிறாயா போகப் போகிறாயா என்று உன் மகளிடம் உன் வாயால் சொல்ல வேண்டும். அவள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். பிறகு உன் தொப்பியை நீயே எடுத்துக்கொள்ள வேண்டும். எத்தனையோ தடவை பிழிந்து வைத்தேன், ஆனால் அதைக் கழற்றுகிற வேலை என்னுடையது இல்லை. அதன்பிறகு காற்று வந்தால் வரட்டும், நான் தொட்டியைத் தொடமாட்டேன்.

மலைப்பாதையில் இன்னும் பனி இருக்கிறது, பார்த்து ஓட்டு. கிளம்பும்போதும் வழியிலும் வேளைக்குச் சாப்பிடு.

உன் தகப்பன்,
ஹார்மன்