ருக்குவுக்கு ஒரே ஒரு புள்ளி

மாட்டுங்கா

ரஞ்சனாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம், அங்கே நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய், பெற்றவளை அடுக்களைக்குள் வைத்துப் பூட்டிவிட்ட பிறகு உனக்கு என்ன குறை. உன் தம்பி கௌசிக் நேற்று லேப்டாப்பில் நீ எழுதுகிற சரித்திரப் புஸ்தகத்துக்கான மேப்பைக் காட்டினான். நானூறு வருஷத்துக்கு முந்தைய ஆம்ஸ்டர்டாம் துணி வியாபாரி ஒருவனின் டைரியை வைத்து அவன் போன இடமெல்லாம் புள்ளி வைத்திருக்கிறாயாம், ரொம்ப சந்தோஷம். டைரியை வைத்துப் புள்ளி வைக்கிற வழி சரிவருமா என்று பார்க்க அப்பாவின் பழைய டைரிகளைக் கேட்டு வாங்கிப்போனாயே, அதையும் பக்கத்திலேயே போட்டிருக்கிறாய். அவருக்கு ஃபோர்ட், தாதர், சர்ச்கேட் என்று பம்பாய் முழுக்கச் சிவப்புப் புள்ளி. எனக்கு நம் பில்டிங் மேல் ஒன்றே ஒன்று. கீழே, இந்த வீட்டுப் பெண் அநேகமாக வெளியே போனதில்லை என்று ஒரு வரி வேறு. அவன் படித்துச் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அப்பா தினமும் கடைசி வரியாக ‘ருக்கு ஆத்தில்’ என்று எழுதுவார். ஆபீஸிலிருந்து வந்து கதவைத் தட்டினால் நான் திறப்பேன், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ரயிலேறி செம்பூர் போய் அத்தனை வருஷம் கணக்கு டியூஷன் எடுத்தது யார்? கேட்டால், “என் டைரியிலே என் சமாசாரம்தானேடி எழுதுவேன்” என்று சிரிக்கிறார். அவரை விடு. 2005 வெள்ளத்தன்று அவர் ஆபீஸிலேயே மாட்டிக்கொண்டார், அன்றைக்கும் அதே வரிதான். நான் செம்பூரிலிருந்து நடந்தே சயான் வந்து, உன் ஸ்கூலிலிருந்து உன்னை முதுகில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் வீடு வந்தேன். செருப்பு போயிற்று. பாம்பு பாம்பு என்று வழி முழுக்க என் காதில் கத்திக்கொண்டே வந்தாய். அந்தத் தேதிக்கும் என்னை வீட்டிலேயே நிறுத்தியிருக்கிறாய். அவருக்குத் தெரியாது சரி, உனக்குமாடி தெரியாது?

அந்த வியாபாரியின் பெண்டாட்டிக்கும் ஒரே புள்ளி, அதே வரிதானாம். அவள் எழுந்துவந்து சண்டை போடமாட்டாள் என்கிற தைரியம். புஸ்தகம் அச்சுக்குப் போவதற்குள் அந்த வரியை அடித்துவிடு, எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதுவரை எனக்கு போன் பண்ணாதே, எடுக்கமாட்டேன்.

குளிரில் காதை மூடிக்கொள், பிரெட்டைத் தின்று காலம் தள்ளாதே. தீர்க்காயுசாக இரு, என் கோபம் உன்னை ஒன்றும் செய்யாது, ஆனால் ஆறவும் ஆறாது. சொன்னதை மறக்காதே. ரிடையரான பிறகும் அப்பா டைரியை விடவில்லை, இன்றைக்கும் ருக்கு ஆத்தில் என்றுதான் எழுதுவார். இதை நான் வடாலா ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா ருக்கு