அப்பா தேய்த்த லென்ஸ்

அன்புள்ள அண்ணா,

கால் வலி குறைந்ததா? ஆஸ்பத்திரியில் பொழுதுபோக இரண்டு புத்தகங்கள் அனுப்பியிருக்கிறேன். கண்ணாடி இல்லாமலே நீ படித்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும்.

நீ பைக்கிலிருந்து விழுந்த நாள் முதல் அப்பா கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போகவில்லை. உன் கண்கள் சிவந்திருந்ததைப் பார்த்து, "இராப்பகலா படிக்கிறான்டி என் சிங்கம்" என்று பூரித்து, தானே லென்ஸ் தேய்த்து உனக்குக் கண்ணாடி போட்டுவிட்டாரே, அதில் பவர் தப்பிவிட்டதாம், அதனால்தான் நீ விழுந்தாயாம். "வண்டி ஓட்டுற புள்ளையோட பார்வைய நானே கெடுத்துட்டேனே பாப்பா" என்று சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருக்கிறார். முதலாளி ஆள் அனுப்பியதற்கு, "இனிமே யார் கண்ணுக்கும் நான் லென்ஸ் தேய்க்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

நேற்று உன் கூட்டாளி வந்தான். "சும்மா சிகரெட்லதான் ஆரம்பிச்சோம். அன்னிக்கு வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி அடிச்சது கஞ்சா" என்று வாசலிலேயே அழுதான். உள்ளே இருந்த அப்பாவுக்குக் கேட்கவில்லை.

நான் சொன்னால் கோள் சொன்னதுபோல ஆகிவிடும். நீ சொன்னால் அவர் நொறுங்கிப்போவார். ஆனாலும் மறுபடி வேலைக்குப் போவார்.

ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வருகிறார். உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறாராம். அவர் வாய் திறப்பதற்குள் நீ பேசிவிடு, அண்ணா.

உன் தங்கை