துடிக்கிறவனுக்கு மாலை எதற்கு

தேவனாம்பட்டினம்,
கடலூர்.

அன்புள்ள வித்யாவுக்கு,

உன் அண்ணி லோகநாயகி எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசலாம்தான், ஆனால் போன் உன் அம்மாவின் கையை விட்டு இறங்குவதில்லை.

நீ ஜெர்மனியிலிருந்து அனுப்பிய வீடியோவை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உன் அண்ணன் ரத்தத்திலிருந்து நீ லேபில் வளர்த்த இதயத் தசை, இரண்டு ரப்பர் தூண்களுக்கு நடுவில் நூல் மாதிரி துடிக்கிறதே, அதுதான். கருமாதி முடிந்தும் அவர் போட்டோவுக்கு மாலை போட விடவில்லை. துடிக்கிறவனுக்கு எவனாவது மாலை போடுவானா என்கிறார்கள். என் புள்ள அங்க உசுரோட இருக்கான், நீ இங்க பொட்ட அழிச்சிக்கினு நிக்கிறியேடி என்று நேற்று தெருவே கேட்கக் கத்தினார்கள். நான் என்ன, ஆசைப்பட்டா அழித்துக்கொண்டேன்?

நீ படித்தவள், கொஞ்சம் யோசித்திருக்கலாம். இதயம் வீங்கிப் பலம் குறைந்துவிட்டது, இனி வலை இழுக்கவே கூடாது என்று சிதம்பரத்து டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உன் அண்ணனும் மனசைத் தேற்றிக்கொண்டு மீன் ஏலம் விடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அப்போதுதான் நீ வீடியோவை அனுப்பிப் போனும் செய்தாய். புது மருந்தை விட்டதும் தசை பலம் கூடித் தூண்களை இன்னும் நன்றாக வளைக்குது, அளந்து பார்த்துட்டேன், அண்ணன் இதயம் சூப்பரா இழுக்குது என்றாய். அந்த மருந்து உன் லேப் தட்டில்தான் இருக்கிறது, அவர் உடம்பில் ஒரு சொட்டும் இல்லை என்று சொல்ல உனக்குத் தோன்றவில்லை.

அவர் துறைமுகம் முழுக்க அதைக் காட்டினார். டாக்டரு வெளியிலேர்ந்து பாக்குறாரு, என் தங்கச்சி இதயத்தையே பாக்குது என்றார். படகு முதலாளி ராஜவேலும் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றிக்கொண்டார். உன் அண்ணன் வலை இழுக்கும்போதே சரிந்துவிட்டாராம். கரைக்குக் கொண்டுவந்தபோது போன் மட்டும் பிளாஸ்டிக் கவரில், இடுப்பில், நனையாமல் இருந்தது.

கருமாதிக்கு மறுநாள் போனில் அழுதாய். அழுது முடித்து, அந்தத் தசையைத் தொடர்ந்து வளர்க்க மனைவியின் சம்மதம் வேண்டும் என்றாய். உன்னைக் கொன்றுவிடலாம் போலிருந்தது. அந்தக் கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது.

ஆனால் நம் பிள்ளை ப்ரீத்திக்குப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. போன வாரம் சிதம்பரம் கூட்டிப்போனேன். அப்பாவுக்கு இருந்த அதே நோய்தான் என்றார் டாக்டர். இப்போதைக்கு மாத்திரை கொடுப்போம், உங்க நாத்தனார் செய்யுற ஆராய்ச்சியில ஏதாவது வந்தாத்தான் உண்டு என்றார். கடைசியில் உன் வாசலிலேயே வந்து நிற்கிறேன் பார்.

சம்மதம் தருகிறேன். அவரை வளர்த்துக்கொள். ப்ரீத்தியின் ரத்தமும் வியாழக்கிழமை எடுத்து அனுப்புகிறேன். பிள்ளை அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, அத்தை என் இதயத்தையும் இப்டி ஆட வெச்சிட்டா ஸ்போர்ட்ஸ் டேல ஓட வுடுவியாம்மா என்று கேட்கிறாள்.

அதனால் ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். அவள் தசை தூணை வளைக்காவிட்டால் எனக்குச் சொல், தாங்கிக்கொள்கிறேன். நன்றாக வளைத்தால் மட்டும் தயவுசெய்து இந்த வீட்டில் யாருக்கும் சொல்லாதே.

நீ நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும், வித்யா. மனசாரத்தான் சொல்கிறேன். எங்களுக்கு இனி வேறு யார் இருக்கிறார்கள்?

இப்படிக்கு,
உன் அண்ணி
லோகநாயகி