அழிக்கமாட்டேன், மூடவும் மாட்டேன்

அத்தான்,

மரச்சீனிக் கிழங்கு அவிச்சு வச்சிருக்கேன். மீன்குழம்பைச் சூடாக்கித் தின்னுங்க. வெளிய போனா சாவியைக் கோழிக்கூட்டுமேல வையுங்க.

நான் சினிமாக் கொட்டகைக்கு வேலைக்குப் போறேன். இனி பெண்கள் பக்கம் டிக்கெட் கொடுக்கிறது நான்தான்.

நேத்து மேனேஜர் என் கையைப் பாத்துட்டு, "ஓட்டை வழியா உன் கை மட்டும்தான் வெளிய தெரியும். இப்படிப் பச்சை குத்தியிருந்தா வாறவங்க என்ன நினைப்பாங்க? நீளக்கை ஜம்பர் போட்டுட்டு வா"ன்னாரு.

"இது செத்துப்போன எனக்க மக பிலோமிக்க பேரு. மூடமாட்டேன்"னு சொல்லிட்டு நடந்தேன். வாசல் தாண்டுமுன்ன கூப்பிட்டு, "சரி, நாளைக்கு மேட்னிக்கு வந்திரு"ன்னாரு.

நேத்தே சொல்லியிருப்பேன். நான் வீட்டுக்குள்ள கால் வச்சதும், போன காரியம் என்னாச்சுன்னுகூடக் கேக்காம, "முந்திரித்தோட்டு அண்டியெண்ணெய் வச்சு அந்தப் பேரைப் பொசுக்கிரு, அப்பதான் வேலை கிடைக்கும்"னு நீங்க சொன்னீங்க. அதான் சொல்லாம அடுக்களைக்குப் போயிட்டேன். மேனேஜர் அந்நியர். நீங்க அவளைத் தோள்ல தூக்கி வளத்த அப்பன்.

வியாகுலம்

பி.கு: ஆட்டம் விட்டதும் கூட்டிட்டுப் போக வாங்க. "ஏட்டி"ன்னு கூப்பிட்டா திரும்பமாட்டேன். "பிலோமிக்க அம்மா"ன்னு சத்தமா கூப்பிடுங்க. அவ போனதுக்குப் பொறவு நீங்க ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிடல்ல.