யாரும் திரும்பிப் பார்க்காத வண்டி

அயோவா
மார்ச் மாதக் கடைசி ஞாயிறு

அன்பு மகள் மாரெனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீயும் குழந்தை எடியும் சுகமாக இருப்பதாக இனெஸ் அத்தை சொன்னாள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை அவள் வேறு உறையில் போட்டு உனக்கு அனுப்புவாள். உன் பதிலும் அவள் வழியாகவே வரட்டும். ஆசையாக இருக்கிறதென்று எங்களுக்குப் போன் மட்டும் செய்துவிடாதே.

வேலைக்குப் போக பஸ் கிடையாது, பனியில் எடியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாய் என்று கேட்டதிலிருந்து அம்மாவுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. உனக்கு ஒரு வண்டி வேண்டும். தினமும் ஓட வேண்டும், நடுவழியில் நிற்கக் கூடாது. மகளுக்கு வண்டி பார்க்கும் எந்த அப்பனும் பார்ப்பது இதைத்தான். நான் இன்னொன்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. நீ இருக்கும் இடத்தை அந்த வண்டி எவனுக்கும் சொல்லக் கூடாது.

உன் பிறந்த நாளுக்குக் கர்ட் அந்தப் புது வண்டியை வாங்கித் தந்தபோது ஊரே மெச்சியது. மருமகன் என்றால் இவனல்லவா என்று நானும் மெச்சினேன். நீ எந்தத் தெருவில் திரும்புகிறாய் என்று அவன் தன் கைபேசியில் பார்த்துக்கொண்டிருப்பான், உட்கார்ந்த இடத்திலிருந்தே உன் கதவைப் பூட்டுவான் என்று யார் கண்டது? நீ தப்பித்துப் பெண்கள் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, உனக்குப் பிடித்த காப்பியை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு அவன் வாசலில் நின்றிருந்தான் என்றாயே, அன்றிலிருந்து புது வண்டி எதையும் நான் நம்புவதில்லை. அதனால் பழையதாகத் தேடுகிறேன். கம்ப்யூட்டர் என்ற பேச்சே பிறக்காத காலத்து வண்டி.

முதலில் ஐம்பத்தேழாம் வருஷத்துச் செவ்ரொலே கார் ஒன்று பார்த்தேன். சிவப்பும் வெள்ளையுமாக மணப்பெண் மாதிரி நின்றது. எனக்கு வாயில் எச்சில் ஊறியது உண்மை. அம்மா ஒரு சுற்று சுற்றி வந்தாள். "இதுல அவ போனா ஊர்வலம் போகுதுன்னு ஜனம் ரோட்டோரமா வந்து நிக்கும். ஒளிஞ்சு வாழுறவளுக்கு வாங்குற வண்டியா இது?" என்றாள். அத்தோடு அதை விட்டோம். அப்புறம் பார்த்த நீல வண்டிக்கு, குளிர்காலத்தில் ரோட்டில் தூவும் உப்பு தரையையே தின்றுவிட்டிருந்தது. மிதியடியைத் தூக்கினால் கீழே ரோடு தெரிந்தது. விற்றவன் காற்றோட்டமாக இருக்கும் என்று சிரிக்கிறான்.

கடைசியில் கிடைத்தது லைல் வீட்டில். சனிக்கிழமை காலையில் பழைய கார்க்காரர்கள் நாங்கள் சேர்ந்து காப்பி குடிப்போமே, அந்த லைல்தான். மனைவி இறந்துபோனபின் அவள் சர்ச்சுக்கும் மளிகைக் கடைக்கும் ஓட்டிய பிளிமத் வேலியன்ட் கார் கொட்டகையில் சும்மா நின்றது. அறுபத்தெட்டாம் வருஷம், நான்கு கதவு, நனைந்த அட்டைப்பெட்டியின் நிறம். இதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் உள்ளே இருக்கும் ஆறு சிலிண்டர் இன்ஜின் சாமானியமாகச் சாகாது. பிரேக்கும் இரண்டு தனித்தனிக் குழாயில் வருகிறது, ஒன்று போனால் இன்னொன்று பிடிக்கும். அதற்கு முந்திய வருஷங்களில் பாதி வண்டிக்கு இது கிடையாது. எடிக்காகப் பின் ஸீட்டில் பெல்ட் நானே போட்டுவிடுகிறேன்.

யாருக்கு என்று லைல் கேட்டான். எனக்குத்தான், கிழவனுக்குப் பொழுது போக வேண்டாமா என்றேன். அவனுக்குச் சந்தோஷம். பின் விளக்கில் ஒரு கீறல், பின் கண்ணாடி மூலையில் சர்ச் ஸ்டிக்கர், இரண்டையும் மனைவி நினைவாக விட்டு வைக்கச் சொன்னான். மறுக்க மனம் வரவில்லை.

கர்ட் இன்னும் இங்கே வருகிறான். போன வாரம் நம் வாசல் பனியை முழுக்க அள்ளிப் போட்டுவிட்டு, அம்மா கையால் சுட்ட ஆப்பிள் பை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். "அவ எங்க இருக்கான்னு நான் கேக்க மாட்டேன் மாமா. உங்களுக்கு ஏன் சங்கடம்? தானா தெரிஞ்சிட்டுப் போகுது" என்றான். தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனான்.

எடியின் கன்னத்தில் என் பெயரைச் சொல்லி ஒரு முத்தம் கொடு.

உன் அப்பா,
ஆரின்


அயோவா
ஜூன் மாதம், சோளம் முழங்கால் உயரம்

அன்புள்ள மாரென்,

வண்டி தினமும் காலையில் மறுபேச்சில்லாமல் கிளம்புகிறது என்று எழுதியிருந்தாய். அதை அம்மா உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டாள், பிறகு தானும் ஒரு முறை படித்தாள். எடி அதற்கு பிஸ்கட் என்று பெயர் வைத்திருப்பதைக் கேட்டு நானே வெகுநாள் கழித்துச் சிரித்தேன். இனெஸ் அத்தையிடம் வண்டியையும் சாவியையும் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் திரும்பி வந்தபோது, உன்னை வழியனுப்பிவிட்டு வருவது போலவே இருந்தது. உன்னைத்தான் வழியனுப்ப முடியவில்லையே.

குளிர்ந்த இன்ஜினுக்கு ஆக்ஸிலரேட்டரை ஒரு தடவை மிதித்துவிட்டுக் காலை எடு, அப்புறம் சாவியைத் திருப்பு. கோபத்தில் மிதித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோலில் மூழ்கிப் படுத்துக்கொள்ளும். மழையில் பிரேக் நனைந்தால் ஒரு பக்கம் இழுக்கும். முன்னால் போகிறவனை நம்பாதே, இடம் விட்டுப் போ. டாஷ்போர்டு பெட்டிக்குள் துணியில் சுற்றி உதிரி சாமான் வைத்திருக்கிறேன். உனக்கு மாட்டத் தெரியும், சின்ன வயதில் டிராக்டரில் நீதானே மாட்டுவாய்.

பெட்ரோல் பங்கில்தான் ஜாக்கிரதை. இந்த நாட்டில் பழைய வண்டியை நிறுத்தினால் எங்கிருந்தோ ஒரு கிழவன் வந்துவிடுவான். எங்கப்பாவும் இதே வண்டிதான் வச்சிருந்தார் என்று தொடங்கி, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா என்பான். நானும் ஆயிரம் பேரிடம் அப்படிப் போய் நின்றவன்தான். நல்ல மனிதர்கள், தப்பாக ஒன்றும் நினைக்க மாட்டார்கள். சிரித்துவிட்டு, அவசரம் என்று சொல்லிக் கிளம்பிவிடு.

இங்கே லைல்தான் கொஞ்சம் தொந்தரவு. வண்டி எப்படி இருக்கிறது என்று வாராவாரம் கேட்டான். மழுப்பிப் பார்த்தேன். ஒருநாள் நேராக வீட்டுக்கே வந்துவிட்டான். கொட்டகை காலி. எங்கே என்கிறான். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. கொடுத்துவிட்டேன் என்றேன். யாருக்கு என்றான். "யாருக்குக் குடுத்தேன்னு சட்டுன்னு ஞாபகம் வரல லைல்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். படவில்லை. என் தோளில் கை வைத்து, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிப் போனான். அப்பாடா, தப்பித்தேன் என்று இருந்தது.

கர்ட் இரண்டு வாரமாக வரவில்லை. அம்மாவுக்கு அது நிம்மதி. எனக்கு இல்லை.

அம்மா உனக்கு முத்தம் அனுப்புகிறாள்.

அப்பா


அயோவா
அக்டோபர்

என் கண்ணே மாரென்,

நீங்கள் இரண்டு பேரும் உயிரோடு, வேறு எங்கோ இருக்கிறீர்கள் என்று இனெஸ் அத்தை சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்காக நாங்கள் எத்தனை நாள் தூங்காமல் கிடந்தோம் என்று எழுத மாட்டேன். அவள் போனில் அவசரமாகச் சொன்னது உனக்குப் பாதிதான் புரிந்திருக்கும். என்ன நடந்தது என்று நீ முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவள் உனக்குப் போன் செய்த அந்தச் சனிக்கிழமை காப்பிக்குப் போனேன். எல்லாரும் எனக்கு எழுந்து நாற்காலி போட்டார்கள். எழுபது வயதில் இதுவரை எனக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. லைல் கண் கலங்கித் தன் கைபேசியை என்னிடம் நீட்டினான். நாடு முழுக்க உள்ள பழைய கார்க்காரர்கள் சேர்ந்து பேசும் பக்கம் அது. அதில் நம் வேலியன்ட்டின் படம். பின் விளக்குக் கீறலுக்குத் தனிப் படம், சர்ச் ஸ்டிக்கருக்குத் தனிப் படம். எனக்கு மறதி என்று லைல் கர்ட்டிடம் கவலைப்பட்டுச் சொல்லி, தன்னிடம் இருந்த படங்களையும் தூக்கிக் கொடுத்திருக்கிறான். கீழே கர்ட் எழுதியிருந்தான். என் மாமனாருக்கு ஞாபக மறதி முற்றிவிட்டது, உயிராக வைத்திருந்த காரை யாருக்கோ கொடுத்துவிட்டார், யாருக்கு என்று அவருக்கே தெரியவில்லை, அவர் கண்ணை மூடுவதற்குள் அதைத் தேடிப் பிடித்து அவர் கையில் கொடுக்க வேண்டும், எங்கே பார்த்தாலும் சொல்லுங்கள் என்று.

அதற்குக் கீழே ஆயிரக்கணக்கானவர்கள் எழுதியிருந்தார்கள். உன்னைப் போல் மருமகன் யாருக்குக் கிடைப்பான் என்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெட்ரோல் பங்குகளிலெல்லாம் கண் வைத்திருக்கிறோம் என்கிறார்கள். ஜெபிக்கிறோம் என்கிறார்கள். எல்லாரும் என்னைப் போன்றவர்கள், மாரென். போன வருஷம் வேறு யாருக்காவது இப்படி எழுதியிருந்தால் நானும் அடையாளத்தைக் குறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தேடியிருப்பேன்.

ஒருவன் மட்டும் விவரமாக எழுதியிருந்தான். மலைப்பக்கம் ஒரு ஊரில், மளிகைக் கடை வாசலில், அதே கீறலோடு பார்த்தேன், ஒரு பெண்ணும் சின்னக் குழந்தையும் என்று. ஊர்ப் பெயரையும் போட்டிருந்தான். நீ இருக்கும் ஊரை நான் முதன்முதலில் தெரிந்துகொண்டது அங்கேதான். எனக்கு முன்னாலேயே கர்ட் அதற்கு நன்றி எழுதியிருந்தான்.

இது பொய் என்று சத்தம் போட்டேன். எனக்கு மறதி இல்லை, இவன் என் பெண்ணைத் தேடுகிறான், படத்தை எடுங்கள் என்று கத்தினேன். லைல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டென்ஷன் ஆகாத ஆரின். இந்த நோயில யாரப் பாத்தாலும் சந்தேகம் வருமாம், கர்ட் முன்னாடியே சொல்லிட்டான். வண்டி கெடச்சிரும்பா. நாடே தேடுது" என்றான். நான் கத்தக் கத்த அவர்களுக்கு என் நோய் உறுதியாகிக்கொண்டே போனது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஊரின் நல்ல மனசை மூடுவது அதைவிடக் கஷ்டம். காப்பிக் கடைக்காரியின் போனை வாங்கி இனெஸ் அத்தைக்கு அடித்தேன். அதன்பின் நடந்தது உனக்குத் தெரியும். வண்டியைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுக் குழந்தையோடு வெளியூர் பஸ் ஏறியது நல்ல முடிவு. வண்டிக்காகத் தயங்காமல் போனாயே, அதுவே எனக்குப் பெரிது.

போலீஸிலும் சொல்லிப் பார்த்தோம். கார் படத்தைப் போடுவது குற்றமில்லையாம். அம்மா பேசியபோது, இவரை வைத்துப் பார்த்துக்கொள்வது உங்களுக்கும் கஷ்டம்தான் அம்மா என்று அவளுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள்.

இனி எழுதப் போவதை எழுதக் கை கூசுகிறது. போன ஞாயிறு, சர்ச் முடிந்ததும் கர்ட் நம் வாசலுக்கு வந்தான், டிரெய்லரில் வேலியன்ட்டை ஏற்றிக்கொண்டு. உன் பக்கத்து வீட்டுக்காரர் கதையைக் கேட்டு ஒரு காசு வாங்காமல் கொடுத்துவிட்டாராம். லைலும் மற்றவர்களும் பின்னாலேயே வந்து கை தட்டினார்கள். ஒருத்தி அழுதுகொண்டே படம் எடுத்தாள். கர்ட் என்னைக் கட்டிப் பிடித்தான், சாவியை உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மூடினான். காதோரம் மெல்ல, "நல்ல செலக்‌ஷன் மாமா. அடுத்த வண்டியும் நீங்களே பாத்து வாங்கிக் குடுங்க" என்றான்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் என்னை எங்கே கொண்டுபோய் அடைப்பார்கள், அம்மா யாரோடு இருப்பாள் என்று நினைத்தேன். கையைத் தொங்கவிட்டு நின்றேன். அந்தப் படத்தில் நான் நன்றியில் நெகிழ்ந்து நிற்பதாக எழுதியிருக்கிறார்களாம்.

இப்போது அந்த வண்டியை நான்தான் தினமும் ஓட்டுகிறேன். ஓட்டாவிட்டால் உடம்பு மோசமாகிவிட்டதா என்று வாசலில் வந்து நிற்கிறார்கள். ஊருக்குள் போனால் எல்லாரும் கை ஆட்டுகிறார்கள், நானும் ஆட்டுகிறேன். பின் ஸீட்டில் எடி சிந்திய பிஸ்கட் தூள் இருந்தது. அம்மா அதைத் துடைக்க விடவில்லை. வண்டி மட்டும் ஒரு நாளும் நின்றதில்லை. நல்ல வண்டி என்று நான் சொன்னதில் பொய் இல்லை, மகளே.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே. இனிப் போகும் இடத்தின் முகவரியை இனெஸ் அத்தைக்கும் கொடுக்காதே. அடுத்த வண்டியை நீயே பார்த்து வாங்கு. பிரேக்கை இரண்டு தடவை மிதித்துப் பார், டயரின் உள்பக்கத்தைத் தடவிப் பார், விற்கிறவன் சிரித்துச் சிரித்துப் பேசினால் வந்துவிடு. என்ன வண்டி, என்ன நிறம், ஒன்றும் எனக்குத் தெரிய வேண்டாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் கைக்குப் போய்விடுகிறது. ஊர் சொல்கிற மறதி உண்மையாகவே எனக்கு வரட்டும் என்றுகூட வேண்டிக்கொள்கிறேன். அந்த மலை ஊரின் பெயர் முதலில் போகட்டும், உன் முகம் கடைசியாகப் போகட்டும்.

கடவுள் உன்னையும் குழந்தையையும் காப்பார். நான் பார்த்திராத ஒரு வண்டியில், நான் பெயர் கேட்டிராத ஒரு ரோட்டில், நீ தினமும் வேலைக்குப் போய் வீடு திரும்பிக்கொண்டே இரு. இங்கே மட்டும் வந்துவிடாதே, கண்ணே.

உன் அப்பா