முள் இல்லாத பிரஸ்

9-2-2004, திங்கள், ஆம்பூர்
என் லைன் கைப்பிரஸ்ஸில் அழுத்தம் காட்டும் முள் மீட்டரைக் கழற்றி இரண்டாம் லைனுக்குக் கொடுத்தேன். அங்கே அவசரம். ஷூவில் சோல் ஒட்ட, முள் நாற்பதிலேயே நிற்கும்படி முப்பது எண்ணும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். "முள்ளு இல்லாம எப்டி சார்?" என்றாள் பிரஸ் பிடிக்கும் பூங்குழலி. "ஆறு வருஷமா புடிக்கிற கை. அதுக்குத் தெரியாதா?" என்றேன்.

13-2, வெள்ளி
நூற்றுப் பத்து ஜோடி திரும்பி வந்தது. சோல் பிரிகிறது. மேனேஜர் இஷ்தியாக் அகமது லைனுக்கே வந்துவிட்டார். மீட்டரைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. "ஆளு பாக்கலைன்னா இந்தப் பொண்ணு கைய விட்டுடுது சார்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். "நெஜமா ஒரே மாதிரிதான் அழுத்தினேன் சார்" என்று அழுதாள் பூங்குழலி. மதியமே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

21-2, சனி
அக்கா மகள் கெசியா வேலூர் பாகாயத்தில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்கிறாள். மூளையும் தசையும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று பார்க்கிறார்களாம். சோதனைக்கு ஆள் வேண்டுமென்று கூப்பிட்டாள். தலையிலும் கையிலும் ஒயர் ஒட்டி, ஒரு பிடியை அழுத்தச் சொன்னாள். என் அழுத்தம் திரையில் கோடாக ஓடியது. ஆடாமல் வைத்திருந்தேன். பிறகு திரையை அணைத்து, "அப்டியே புடிங்க மாமா" என்றாள். அப்படியேதான் பிடித்தேன். சத்தியமாக.
முடிந்ததும் காட்டினாள். கோடு சரிந்துகொண்டே போயிருந்தது.
"எல்லாருக்கும் இப்டித்தான் மாமா. கண்ணு பாத்து சொன்னாதான் மூளை சரிபண்ணும். கொறையறது நமக்கே தெரியாது."
முள்ளைப் பிடுங்கியவன் நான் — பழி அவளுக்கு. சீ, நானும் ஒரு மனுஷனா?

25-2, சாம்பல் புதன்
ஆராதனைக்குப் போகவில்லை. மேனேஜரிடம் உண்மையைச் சொன்னால் என் வேலை போய்விடுமோ என்றுதான் இப்போதும் யோசிக்கிறேன்.

29-2, ஞாயிறு
பேரணாம்பட்டில் பூங்குழலி வீட்டுக்குப் போனேன். பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த பீடியைச் சுற்றி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.
"நீங்க சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு சார். நான்தான் ஏமாத்திட்டனோன்னு."
இதற்கு அவள் என்னை அடித்திருக்கலாம். மன்னிப்புக் கேட்டேன்.
"இங்க வந்து சொன்னா இன்னா பிரயோஜனம்? எல்லாரு முன்னாடியும்தான திட்டினீங்க?"

1-3, திங்கள்
மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, ஞானமுத்து" என்றார். அவளைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார். என் சூப்பர்வைசர் வேலை போயிற்று; எனக்கு இனி ஸ்டோர்.

3-3, புதன்
சாப்பாட்டு மணிக்கு முன்னால் லைன் முழுவதையும் நிற்கவைத்துச் சொன்னேன். மீட்டர், பொய், எல்லாம். குரல் கம்மிவிட்டது. முடித்ததும் தலையைக் குனிந்தபடி நகரப் பார்த்தேன்.
பூங்குழலி முன்னால் நின்றிருந்தாள். "பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல சார். இன்னொரு தபா சொல்லுங்க."
சொன்னேன்.