பதின்மூன்றாம் சனலும் கனடாப் போனும்

நவம்பர் 11, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. எனக்கு விசர் பிடிக்கிறது.

வெள்ளி பத்து மணிக்கு நேர்முகம். கொழும்புக் கொம்பனி. ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை, வீட்டிலிருந்தே. வீட்டு நெற்றில்தான் பேசவேண்டுமாம், இணைப்பு எப்படியென்று பார்ப்பார்களாம். பூவரசங்குளத்தில் எங்கள் வீட்டுக்குள் எந்தப் போனுக்கும் சிக்னல் கிடையாது. அதனால் சிம் போட்ட டொங்கிள் கூரைக்கு மேலே கம்பில், பொலித்தீன் சுற்றி. வயர் கீழே, பழைய லினக்ஸ் லப்டொப்புக்கு. அது வைஃபையாகப் பரப்பவேண்டும். லப்டொப்பின் கமரா செத்து இரண்டு வருடம். ஆகவே பேசுவது போனில். அண்ணா கனடாவிலிருந்து அனுப்பிய போன்.

அந்தப் போனில் என் வைஃபையின் பெயரே வரவில்லை.

12, புதன்

பாஸ்வேர்ட் மாற்றினேன். எல்லாவற்றையும் அழித்து மூன்று தரம் புதிதாகப் போட்டேன். லப்டொப்பை எத்தனை தரம் நிறுத்தி எழுப்பினேன், தெரியாது. பெயர் இல்லை. கோதாரி.

அம்மா: "அண்ணாட்டைக் கேளன் பிள்ளை."

கேட்டேன், முற்றத்தில் குடை பிடித்துக்கொண்டு. பழைய லப்டொப்பை எறிந்துவிட்டு ரவுட்டர் வாங்கட்டாம். போன் திறமான போனாம், அதில் பிழை இராதாம். நாலு வருடமாக எனக்கு மாப்பிள்ளை தேடுகிறவர். இப்போது ரவுட்டரும் தேடுகிறார்.

இரவு சாப்பிடவில்லை. ஒருவரும் கேட்கவுமில்லை.

13, வியாழன்

மழை விட்டது. கறிவேப்பிலைக்கு வந்தார் அடுத்த வீட்டு சறோ அக்கா. வவுனியாவில் வாங்கிய அவரது போனில் என் வைஃபையின் பெயர் உடனே வந்தது.

"இஞ்ச வருதே பிள்ளை."

அழுகை வந்தது, கோபத்தில். அந்தப் போனை இரவல் கேட்கவும் வழியில்லை. நாளை அவருக்குக் கார்மென்ற்ஸ் வேலை.

ஆனால் ஒன்று தெரிந்துவிட்டது. லப்டொப்பில் பிழையில்லை. முற்றத்தில் நின்று ஒரு மணித்தியாலம் போனில் தேடி வாசித்தேன். வைஃபை அலை போவதற்கு எண் போட்ட சனல்கள் உண்டு. வட அமெரிக்காவுக்கென்று செய்த போன்கள் சில, பதினொன்றாம் சனலுக்கு மேல் பார்க்கவே மாட்டாதாம். நான் போட்டது பதின்மூன்று. ஆளில்லாத சனல், இடைஞ்சல் இராது என்று நானே பெருமையாகப் போட்டது. எனக்கே ஒரு அறை விடவேண்டும்.

13ஐ அழித்து 6. பெயர் வந்தது. ஒரே ஒரு எண்ணுக்கு மூன்று நாள்!

14, வெள்ளி

இருபது நிமிடம் பேச்சு. ஒருதரமும் அறுபடவில்லை. தட்டச்சு வேகம் கேட்டார்கள், சிங்களம் விளங்குமா என்று கேட்டார்கள். கடைசியில், கேள்வி கேட்ட பெண், "நெற் ஆர் பூட்டித் தந்தது?"

"நான்தான்."

ஏதோ எழுதினார். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

17, திங்கள்

மின்னஞ்சல். வேலை எனக்கு! டிசம்பரில் தொடக்கம். இரண்டு தரம் வாசித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். அம்மா நேரே வேலிக்குப் போனார், சறோ அக்காவிடம் சொல்ல. குசினி வரை கேட்டது.

"எல்லாம் பெரியவன் அனுப்பின போனாலதான்."

அடுப்பு நெருப்பை நூர்த்துவிட்டு வேலிக்குப் போனேன்.

"வேலை கிடைச்சது எனக்கம்மா. போனுக்கில்லை."